எருதுமுக எமன் என்னோடு பேசிய விவரம்

லே நகரத்துக் கண் ஆஸ்பத்திரியை ஒற்றை ஆளாகத் தாங்கி நிற்கும் நர்ஸம்மா, என் அக்கா மகள் குன்சஸுக்கு, சுற்றியுள்ள மலைகளுக்கெல்லாம் மூத்தவனான உன் மாமா மோருப் சொல்லச் சொல்ல, உன் அத்தை யாங்ஸ்கித் எழுதுவது. ஜூலே, வணக்கம். இங்கே நான், அத்தை, ஆடுகள் எல்லோரும் சுகம். அங்கே உன் சுகத்துக்கும் உங்கள் கத்திகளின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறோம்.

மடத்துத் திருவிழாவுக்கு ஜீப் அமர்த்திக் கொடுத்தாயே, அந்தப் புண்ணியத்துக்கு நீ வருகிற பிறவிகளில் எல்லாம் ராணியாகத்தான் பிறப்பாய். செத்த பிறகு வழியில் எதிர்ப்படப் போகிற முகங்களை முகமூடி ஆட்டத்தில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டால், அங்கே போய் அலறாமல், "அட, நீங்கதானா!" என்று விசாரித்துவிட்டு நடந்துவிடலாம். அதனால்தான் எருதுமுக எமனைப் பார்க்காமல் கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஆபரேஷன் மேஜையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கே எனக்கு யாரைத் தெரியும்?

கணவாயில் ஜீப் பனியில் புதைந்தது. நான் ஒருவனே தோள் கொடுத்துத் தூக்கினேன். எழுதுகிறவள் சிரிக்கிறாள், நீ நம்பு. தூக்கிய வேகத்தில் ஜீப் முன்னே பாய, நான் பனிக்குள் இடுப்பு வரை இறங்க, என்னைப் பிடுங்க, கூட வந்த அத்தையோடு ஊரே வேண்டியிருந்தது. மடத்தை அடைந்ததும், வழியெல்லாம் குடித்த வெண்ணெய்த் தேநீர் அவசரப்படுத்த, சமையற்கட்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அங்கே, குன்சஸ், அவரே நின்றார்! கொம்பு ஒவ்வொன்றும் கொடிக்கம்பம். மூக்கிலிருந்து புகை. ஆட்டத்துக்கு முன் காற்று வாங்க வந்தார் போலும். அவர் கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துண்டைச் சாத்தி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "ஐயா, நான்தான் மோருப். நாளைக்கு அங்க வந்தா, தெரிஞ்சவன்னு கொஞ்சம் பார்த்து விடுங்க" என்றேன். என் அங்கி மடிப்பில் இருந்த பார்லி மாவு முழுவதையும் சாப்பிட்டார். என் தலையை நக்கினார். அப்புறம் பேசினார்.

"ஏய் மோருப், இந்தப் புரை விழுந்த கண்ணை வெச்சுக்கிட்டு அங்க வந்து என்னை எப்படிடா அடையாளம் கண்டுபிடிப்பே? மரியாதையா வியாழக்கிழமை போய் ஆபரேஷன் பண்ணிக்கோ. உன் பொண்டாட்டி அழுதா நான் சும்மா இருக்க மாட்டேன், ஆமா!"

குரல் மட்டும் கொஞ்சம் கீச்சென்றிருந்தது. அந்தக் குளிரில் எமனுக்கும் ஜலதோஷம் பிடிக்கும்தானே?

பிறகு நடந்த ஆட்டத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கலக்கிவிட்ட சாயத் தொட்டிதான். எமன் சொன்னது நியாயம். வியாழனன்று வருகிறேன். உனக்கும், ஜீப்புக்கும், என்னைப் பிடுங்கிய ஊருக்கும் மலையளவு நன்றி. உன் கை நடுங்காதிருக்கட்டும், உன் அடுப்பு அணையாதிருக்கட்டும்.

உன் மாமா,
மோருப்

பி.கு.: குன்சஸ், இது அத்தை. மாமா வெளியே ஆடுகளிடம் இதே கதையை அளந்துகொண்டிருக்கிறார். அது மடத்துக்கு வறட்டி சுமந்து வந்த யாக் எருது. அதன் பின்னால் நின்று பேசினது நான். கண் கட்டை அவிழ்க்கிற வரை மூச்சு விடாதே.

உறையின் மேல்: இது மாமா. ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டாள். எழுத்து மலை ஏறி இறங்கும், பொறுத்துக்கொள். கல்யாண நாளிலிருந்து கேட்கிற குரல் எனக்குத் தெரியாதா? பேசி முடித்துவிட்டு அங்கே மூக்கை உறிஞ்சி அழுதது யாக் இல்லை, குன்சஸ். அதற்காகத்தான் வருகிறேன். அவளிடம் சொல்லிவிடாதே.