வளர்ப்புப் பிள்ளைக்குக் குரல் தேடியவர்

சினிமா முடிந்து விளக்குப் போட்டதும் எழுந்து வெளியே வருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இது அவர்களைப் பற்றியது அல்ல. படத்தையும் கூடவே வீட்டுக்கு அழைத்துவந்து, அதைச் சொந்தக்காரர்கள் தலையில் மாட்டிப் பார்த்து, அளவு சேரவில்லை என்றால் தலையைக் குறை சொல்கிற ஓர் இனம் உண்டு. ஊருக்கு நாலு பேராவது தேறுவார்கள். சிவகாசியில் அந்த நாலில் மூத்தவர் சங்கையா.

பட்டாசு கம்பெனி ஒன்றில் லாரி லோடு சரிபார்க்கும் மேஸ்திரி அவர். தீபாவளி சீசன் முடிந்தால் வேலை குறைவு, படம் அதிகம். அதிலும் பாட்டுக்காரர்களைப் பற்றிய படம் என்றால் முதல் நாளே போய்விடுவார். அந்தப் படங்களில் ஒரு குழந்தை எங்கேயாவது விடப்பட்டிருக்கும். கோயில் படியோ, ரயில் பெட்டியோ, ஏதோ ஒன்று. ஓர் ஏழைத் தம்பதி அதை எடுத்து வளர்ப்பார்கள். பேச்சு வருவதற்கு முன்பே பிள்ளைக்கு ராகம் வந்துவிடும். யார் கற்றுக்கொடுத்தது? யாருமில்லை. ரத்தம். கடைசியில் பெரிய மேடையில் பிள்ளை பாடும், கூட்டத்திலிருந்து ஒரு மகா வித்வான் "என் மகனே!" என்று எழுந்துவிடுவார். அந்த இடத்தில் சங்கையா துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுவார். ஒரே படத்தை நான்கு தடவை பார்த்து, நான்கு தடவையும் அழுதிருக்கிறார்.

அவருடைய தங்கை வீரலட்சுமியும் அவள் கணவன் சின்னச்சாமியும் தாயில்பட்டியில் பட்டாசு ஆலைத் தொழிலாளிகள். பத்து வருஷம் பிள்ளையில்லாமல் இருந்துவிட்டு, இரண்டாயிரமாவது வருஷம் மதுரையில் ஒரு காப்பகத்திலிருந்து பெண் குழந்தையை முறைப்படி தத்தெடுத்தார்கள். "யாரு பிள்ளையோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர் சங்கையாதான். இடையில் ஒரு படம் பார்த்தார், மனசு மாறிவிட்டது. தொட்டிலருகே குனிந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "அழுக எந்தச் சுருதில இருக்கு?"

குழந்தைக்கு ஓவியா என்று பெயர் வைத்தார்கள். பாடப்போகிற பிள்ளைக்குப் படம் வரைகிற பெயரா என்று அவருக்கு வருத்தம்.

ஐந்து வயதில், தத்தெடுத்த விஷயத்தை வீரலட்சுமி மகளிடம் சொன்னாள். ஓவியா முழுதும் கேட்டுவிட்டு, முறுக்கு இருக்கிறதா என்றாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா வந்தாரே!

"தாயி, நீ ஒரு நா மேடையில பாடுவ. ஒன்னப் பெத்த அப்பா எங்கன இருந்தாலும் ஓடிவந்து, 'எம் மக'ன்னு கட்டிப்பிடிச்சு, கார்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிருவாரு பாரு!"

சொல்லும்போதே கண் கலங்கும். அவருக்குத்தான். பிள்ளை சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஓவியாவுக்கு எட்டு வயதானபோது அவளுடைய ஆசிரியை ஜெபராணி வீடு தேடி வந்தார். "படிப்புல கெட்டிக்காரி. ஆனா பிரேயர்ல வாயத் திறக்கவே மாட்டேங்கா. தொண்டையில ஏதும் கோளாறா?"

வீரலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பெல்லாம் பாத்திரம் கழுவும்போது மகள் ஏதாவது பாட்டு முணுமுணுப்பாள். இரண்டு வருஷமாக அது இல்லை.

"உள்ள அடக்கி வச்சிருக்கா டீச்சர்," என்றார் அன்றும் வந்திருந்த சங்கையா. "மேடையில ஏத்துங்க, வெடிக்கும்."

"மச்சான், நம்ம ஊர்ல அந்த வார்த்தைய எடுக்காதீக," என்றான் சின்னச்சாமி.

பள்ளி ஆண்டு விழாவில் ஓவியாவின் பெயரைச் சேர்த்ததும் சங்கையாதான். துண்டோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். ஓவியா மைக் முன்னால் வந்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு, கூட்டத்திலிருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பின்வரிசையில் ஒருவர், பீடி பற்றவைக்க வெளியே போவதற்காக எழுந்தார். அவ்வளவுதான். மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் சேலையை விடவில்லை. வீரலட்சுமி மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். "என்னத்தா, என்ன பயம்?"

"பாடுனா வந்துருவாகளாம்ல. கார்ல கூட்டிட்டுப் போயிருவாகளாம். மாமா சொன்னாக. நான் போ மாட்டேம்மா."

சின்னச்சாமி வாசலுக்கு எழுந்து போய்விட்டான். சங்கையா துண்டை எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கேன்," என்றாள் வீரலட்சுமி. "ஒங்க படத்துல அந்தப் பிள்ளைய வளத்தாளே ஒருத்தி, கடைசில அவ எங்க போனா?"

நான்கு தடவை பார்த்தவர் யோசித்தார். தூணருகே நின்று கண்ணைத் துடைத்தது வரைக்கும் ஞாபகம் இருந்தது. அதன்பிறகு கேமரா அவள் பக்கம் திரும்பவில்லை.

"தெரியலையே, ஆத்தா."

"எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, பிள்ள சாப்பிட்டுட்டுப் போன தட்டக் கழுவியிருப்பா. இனிமே எம் பிள்ளைட்ட அந்தக் கதையச் சொல்லாதீக." பிறகு மகளின் முகத்தை நிமிர்த்தினாள். "நீ பாடு, பாடாம இரு. ஒன்ன யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பாத்திரம் கழுவிக்கொண்டே ஓவியா பாடினாள். பாதியில் நிறுத்தி வாசலைப் பார்த்தாள். தயிர்க்காரி மட்டும் வந்தாள். மிச்சத்தையும் பாடினாள். சங்கையா சுருதியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, தங்கையைப் பார்த்து, தயிர் கெட்டியாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

பாட்டு எப்படி இருந்தது? அது இங்கே சொல்லப்படவில்லை, சொல்லப்போவதுமில்லை. இரண்டு வருஷம் மூடியிருந்த வாய் திறந்தால் தேன்தான் கொட்டும் என்று இவ்வளவு நேரம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தீர்களோ? அப்படியானால் கொஞ்சம் நகர்ந்து வாருங்கள். சங்கையாவுக்குப் பக்கத்து சீட் காலியாக இருக்கிறது.