பூங்காவில் எவேலியோ எடுத்த வகுப்பு

பெண்டாட்டியிடம் பொய் சொல்கிற மனிதர் அதைக் கொஞ்சம் அளவோடு சொல்லக் கூடாதா, நீங்களே சொல்லுங்கள்?

போகோட்டாவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் எவேலியோ. தொப்பை அவருக்கு முன்னால் தனிப் பயணி மாதிரி போகும். "மூச்சு வாங்க ஆடுங்க, பீரை மறந்துடுங்க" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, கார்களை நிறுத்திவிட்டுத் தெருவை ஜனங்களுக்கு விடுகிற ஞாயிறு காலைகளில், பூங்காவில் நடக்கும் ஆட்டப் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார்.

கிளம்புவது பயிற்சிக்கு. போய்ச் சேருவது தேஹோ விளையாடுகிற கொட்டகைக்கு. இரும்பு வட்டை வீசி, களிமண்ணில் பதித்த வெடிப்பொட்டலத்தில் பட்டால் டமார்! டமாருக்கு ஒரு பீர். படாவிட்டால் துக்கத்துக்கு ஒரு பீர். திரும்பும்போது குழாயில் முகத்தை நனைத்துக்கொண்டால் வேர்வையும் தயார்.

"எப்படிங்க போச்சு?" என்பாள் மனைவி நூபியா.

"நான்தான் முதல் வரிசை. டீச்சரே என்னைப் பாத்துத்தான் ஆடுது!"

இந்த ஞாயிறு வாசலைத் தாண்டியதிலிருந்தே ஒன்றும் விளங்கவில்லை. சோளரொட்டி சுடுகிறவள் கைதட்டினாள். மருந்துக்கடைக்காரர், "கலக்குங்கண்ணே!" என்றார். எதைக் கலக்குவது? பிறந்தநாளா? இல்லை. லாட்டரியா? வாங்கவே இல்லையே. குழம்பிக்கொண்டே கொட்டகைப் பக்கம் திரும்பியவரின் கையைப் பின்னாலிருந்து பிடித்தாள் நூபியா.

"பூங்கா இந்தப் பக்கங்க. வழி மறந்துபோச்சா?"

"நீ எங்கடி வர்றே?"

"உங்க ஆட்டத்தப் பாக்கத்தான்."

பூங்காவில் மேடை. மேடைக்கு முன்னால் தெருவே திரண்டிருந்தது. காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த டீச்சர் யெசேனியா மைக்கை நீட்டினாள்.

"நீங்கதான் முதல் வரிசைன்னு உங்க வீட்டம்மா தெருவுக்கே சொல்லிட்டாங்க. எனக்குத்தான் முகம் ஞாபகம் வரல. என் கால் சுளுக்கிடுச்சு ஐயா, இன்னிக்கு வகுப்பு நீங்கதான்."

பாட்டு அலறியது. எவேலியோவுக்கு வலது காலா இடது காலா என்றே தெரியவில்லை. உடம்புக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கையைப் பின்னால் இழுத்தார், ஒரு எட்டு வைத்தார், வீசினார். ஜனமும் வீசியது! நடந்துபோய்க் குனிந்து, இல்லாத வட்டைத் தோண்டி எடுத்தார். ஜனமும் தோண்டியது. பழக்கதோஷத்தில் "டமார்!" என்று குதித்தார். பூங்காவே "டமார்!" என்றது. வலது கை, பீர் பாட்டிலைப் பிடித்த மாதிரி, தானாக மடங்கி வாய்க்குப் போனது. அதையும் விடவில்லை, பாவி ஜனம்.

பாட்டு முடிந்தபோது நாக்குத் தள்ளியது. நிஜமான வேர்வை! ஒரே கைதட்டல். நூபியாவை ஏய்த்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார்.

நூபியா அவர் முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, யெசேனியாவிடம் திரும்பினாள்.

"தேஹோ கொட்டகையில இவருக்குப் பதிலா வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன் டீச்சர். உங்க கால் சரியானாலும் ஞாயித்துக்கிழமைக்கு இவரையே வச்சுக்கங்களேன்."