ஸ்ஸப்பா சாரும் தலையணை டிரம்மும்

தலை என்று ஒன்று இருந்தால் அது எப்போதாவது வலிக்கத்தான் செய்யும். அப்படி வலித்து, முனகி, தூங்கி எழுந்து மறந்துவிடுகிறவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. தலைவலியை வளர்க்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. சிலர் நாய் வளர்ப்பதுபோல, சிலர் மீசை வளர்ப்பதுபோல, இவர்கள் தலைவலி வளர்ப்பார்கள். காலையில் அதை எழுப்பி, கூடவே அலுவலகத்துக்கு அழைத்துப் போய், நாலு பேர் பார்க்கும்படி நடத்திக் காட்டி, மாலையில் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிவந்து குடும்பத்தாரிடம் ஒப்படைப்பார்கள். "எனக்கும் காலையிலேர்ந்து தலைவலிங்க" என்று தவறிப்போய்ச் சொல்லிவிடாதீர்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். உங்களுடையது தெருவில் திரிவது. அவர்களுடையது பட்டுக் கயிற்றில் கட்டி வளர்த்தது.

இந்த இனத்துக்கு நல்ல மாதிரி ஒருவர் இருக்கிறார். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவுக்குப் பொறுப்பாளர். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் யாரை விழுங்கிக்கொண்டு நின்றாலும் இவர் மேசைக்குத்தான் போன் வரும். எந்த மெக்கானிக்கை அனுப்புவது என்று இவர்தான் சொல்லவேண்டும். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கணினியைத் தட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடியே பேசுவார். போனை வைத்தபிறகும் தோள் இறங்காது. அடுத்த போன் வரத்தானே போகிறது, இறங்கி ஏறுவது வீண் அலைச்சல் என்று அது காதுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துவிடும். பிறகு கண்ணை மூடுவார். வலதுகை மெல்ல உயரும். நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அழுத்தி, "ஸ்ஸப்பா!" என்பார்.

ஸ்ஸப்பா சார் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அது அவருக்கும் தெரியும். கோபமா? உள்ளூரப் பெருமை.

அலுவலகம் அந்தத் தலைவலிக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. அவருக்கு மேலே இருந்த ட்யூப் லைட்டைக் கழற்றிவிட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓடுவார். உதவியாளராக இருந்த பெண் மட்டும்தான் அவரிடம் துணிந்து பேசுவாள்.

"சார், நாலாவது மாடியில ரெண்டு பேர் மாட்டியிருக்காங்க. பக்கத்துத் தெருவுலயே நம்ம மெக்கானிக் இருக்கார். அனுப்பிடட்டுமா?"

"இரும்மா. நான் பார்த்துச் சொல்றேன்."

"அவங்க உள்ள நிக்கிறாங்க சார்."

"நான் மட்டும் வெளியிலயா இருக்கேன்?" என்று தன் மண்டையைத் தொட்டுக் காட்டினார். எல்லா மெக்கானிக்குகளையும் மனத்தில் வரிசையாக நிறுத்தி, யோசித்து, கடைசியில் அந்தப் பக்கத்துத் தெரு ஆளையே அனுப்பினார். அனுப்பிவிட்டு, "எல்லாத்தையும் நானே பார்க்கவேண்டியிருக்கு. ஸ்ஸப்பா!"

ஏன் இப்படி? அவரைக் கேட்டால் வேலை அப்படி என்பார். ஆனால் அவரே சில சமயம் இதை யோசித்ததுண்டு. அவர் அப்பா சந்தையில் மூட்டை தூக்கியவர். மாலையில் வீட்டுக்கு வரும்போது சட்டை நனைந்திருக்கும். மனிதர் உழைத்துவிட்டு வருகிறார் என்பது வாசலிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய், முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த பிள்ளை இவர். போட்ட சட்டை மடிப்புக் கலையாமல் திரும்பி வருகிறது. நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வருகிறவன் உழைத்தான் என்பதற்கு என்ன அடையாளம்? அப்பாவுக்கு வியர்வை இருந்தது. பிள்ளை நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஸ்ஸப்பா" கேட்டுவிடும். உடனே டி.வி. ஊமையாகும். அவர் மனைவி மிக்ஸியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, அதன்மேல் போர்வையைப் போர்த்தித்தான் அரைப்பாள். பள்ளிக்கூடத்துப் பேண்டில் டிரம் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்த மகள், டிரம்மைப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, கட்டிலில் தலையணையை நிமிர்த்தி அதில் பழகுவாள். பொத்து, பொத்து, பொத்து. பஞ்சுக்கும் தாளம் வரும் என்று நம்பிய ஒரே கலைஞி அவளாகத்தான் இருப்பாள்.

பேண்டுக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. மாலையில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா.

"தாளம் எல்லாம் சரியாம். ஆனா கேக்கவே இல்லையாம். 'டிரம் வாசிக்கிறியா, டிரம்முக்குத் தூசி தட்டுறியா?'ன்னு மாஸ்டர் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க." உதடு பிதுங்கியது. "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்காரு. அப்பவும் கேக்கலன்னா வேற பொண்ண எடுத்துடுவாராம்."

அம்மா நேராக ஸ்ஸப்பா சார் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, நாளைக்கு டாக்டர்கிட்டப் போறீங்க. உங்க தலைவலி பெருசா சின்னதான்னு தெரிஞ்சாகணும். பெருசுன்னா வைத்தியம் பார்ப்போம். சின்னதுன்னா இந்தப் பொண்ணு டிரம்ம வெளியில எடுக்கட்டும்."

அவர் போனார். பயந்துகொண்டு போனார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நீளமான பெயர் ஏதாவது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு போனார்.

"வாந்தி வருதா?" என்று கேட்டார் டாக்டரம்மா. "கண்ணு மங்குதா? கைகால் மரத்துப்போகுதா? ஒரு பக்கம் மட்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா?"

ஒவ்வொன்றுக்கும் "இல்ல" என்று சொல்லச் சொல்ல, தேர்வில் கேள்விகளை விட்டுவிட்டு வருகிறவனைப்போல அவர் முகம் சுருங்கியது.

"தலையைச் சுத்தித் துணிய இறுக்கிக் கட்டின மாதிரி இருக்குமா? சாயங்காலம் ஆக ஆக ஏறுமா?"

"ஆமா டாக்டர்! அதேதான்!" நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிடுவீங்களா? தண்ணி குடிப்பீங்களா?"

"வேலையில எங்க டாக்டர்..."

டாக்டரம்மா எழுந்து வந்து அவர் பிடரிக்குக் கீழே கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். அவர் "ஆ!" என்றார். "இது கழுத்தா, கருங்கல்லா? தோளை இறக்குங்க. இன்னும் இறக்குங்க. பல்லு எதுக்கு இப்படிக் கடிச்சிட்டிருக்கு? இது டென்ஷன் தலைவலிங்க. ரொம்பச் சாதாரணம். பாதி ஊருக்கு இருக்கு."

"சாதாரணமா?" யாரோ கெட்ட வார்த்தையால் திட்டியதுபோல இருந்தது அவருக்கு. "ஸ்கேன் ஏதாவது..."

"வேண்டாம்."

"சின்னதா ஒண்ணு?"

"வேண்டாங்க. அப்பப்ப எழுந்து நடங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க, தூங்குங்க. போனைக் கையில பிடிச்சுப் பேசுங்க. சட்டைப் பையில என்ன, மாத்திரையா? தினமும் போடுறீங்களா? அடிக்கடி போட்டா அந்த மாத்திரையே தலைவலியக் கொண்டுவரும், கொறைக்கணும். ஆனா, திடீர்னு இதுவரைக்கும் வராத மாதிரி பயங்கரமா வந்தா உடனே ஓடி வாங்க."

"வருமா டாக்டர்?"

"இவ்வளவு ஆசையாக் கேக்காதீங்க."

வழி முழுக்க அவருக்கு ஒரே யோசனை. வீட்டில் என்ன சொல்வது? 'இன்னும் பார்க்கணும்னாங்க' என்று இழுத்துவிட்டால் யார் டாக்டரிடம் போய்க் கேட்கப்போகிறார்கள்? தலைவலி பிழைத்துவிடும். கதவைத் திறந்தார். மகள் கையில் குச்சிகளோடு, கக்கத்தில் தலையணையோடு நின்றிருந்தாள். தலையணையா, டிரம்மா என்று அவர் சொன்னால் போதும் என்பதுபோல நின்றாள்.

"சாதாரணத் தலைவலிதானாம்," என்றார், வேலை போய்விட்டதைச் சொல்கிற குரலில்.

"அப்பாடா!" என்றாள் மனைவி. கொஞ்சமாவது வருத்தப்பட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

டிரம் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. அவர் எதிரே நாற்காலியில் அமர்ந்தார். அவள் அடித்தாள். பொத்து, பொத்து. தோல் டிரம்மிலும் பஞ்சுச் சத்தம்!

"நல்லா அடி பாப்பா."

"அடிக்கிறேன்பா."

இரண்டு அடி பலமாக விழும். உடனே குச்சி தணிந்துவிடும். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. அவள் கண்ணைக் கவனித்தார். அது டிரம்மில் இல்லை. அவருடைய வலதுகையில் இருந்தது. கை மடியைவிட்டு அசைந்தால் குச்சி பயந்து இறங்கியது. மூக்கைச் சொறியத்தான் தூக்கினார், அதற்கும் இறங்கியது. இத்தனை காலமாக இந்த வீட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு எங்கே இருந்தது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

வேறு யாராவது என்றால் கண்கலங்கி ஏதாவது பேசியிருப்பார்கள். ஸ்ஸப்பா சார் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் கனமாக உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப அடி."

அவள் அடித்தாள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. குளியலறையிலிருந்து மிக்ஸி போர்வையில்லாமல் கூடத்துக்கு வந்து பக்கவாத்தியமாகச் சேர்ந்தது. கை மரத்துப்போகிறவரை அவர் அசையவில்லை. நெடுநேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது: கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது, தோள் எங்கேயோ கீழே இறங்கிக் கிடக்கிறது, தலை வலிக்கவில்லை. ஒரு கணம் திக்கென்றது.

வெள்ளிக்கிழமை பேண்ட் மாஸ்டர், "போதும்மா, போதும், கேக்குது!" என்று காதைப் பொத்திக்கொண்டு அவளைச் சேர்த்துக்கொண்டார். அலுவலகத்தில் உதவியாளரிடம், "நீயே பார்த்து அனுப்பும்மா" என்று சொல்லிவிட்டு இவர் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தால் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டிருந்தார்கள். அலுவலகம் இடிந்து விழவில்லை. அதில் அவருக்கு இன்றுவரை லேசான மனத்தாங்கல் உண்டு. தலைவலியும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. எப்போதாவது தூரத்துச் சொந்தம்போல எட்டிப் பார்க்கும். உபசாரம் குறைந்துபோனதைப் பார்த்துவிட்டுத் தானே கிளம்பிவிடும்.

இதுவரை படித்துக்கொண்டு வந்த நீங்கள் உங்கள் மேலதிகாரியையோ மைத்துனரையோ நினைத்துச் சிரித்திருப்பீர்கள். 'அந்த ஆளை அப்படியே எழுதியிருக்கிறார்களே!' என்று வீட்டில் படித்துக் காட்டவும் நினைத்திருப்பீர்கள். காட்டுங்கள். ஆனால், அதற்கு முன்னால் ஒரு விஷயம். உங்கள் வலதுகை இப்போது எங்கே இருக்கிறது? நெற்றியிலா? சத்தம் போடாமல் எடுத்துவிடுங்கள். உங்கள் வீடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?