புரிஞ்சுதா, சுப்பையா?

பினாங்கு பீச் தெருவுல எங்க கம்பெனிக்கு மின்சாரக் காத்தாடி வந்து இறங்கின அன்னிக்கே கயித்தைக் கட்டித் துணி விசிறி, அதான் பங்கா, இழுக்கிற சுப்பையாவுக்கு வேலை இல்லாம போச்சு. கூடவே தலைமை ஆபீஸ் தந்தி: "ஆளைக் குறைக்கவும்."

குறைக்க விட்டாத்தானே? புதுச்சட்டம் குறுக்க நின்னுச்சு. ஒரு மாசம் முன்னால நோட்டீஸ் குடுக்கணும். அந்தந்த ஆளுக்குத் தெரிஞ்ச பாஷையில வாசிக்கணும். 'புரிஞ்சுது'ன்னு அவன் வாயாலேயே சொல்லணும். சொன்னாத்தான் செல்லும்.

பெரிய கிராணி, அதான் தலைமை குமாஸ்தா, பாக்கியசாமி கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு வாசிச்சாரு. "மேற்படி பங்கா இழுவைத் தொழிலாளியாகிய உம்மை, மேற்படி பங்காவின் அவசியமின்மையை முன்னிட்டு, மேற்படி..."

"புரிஞ்சுதா, சுப்பையா?"

"இல்லீங்கய்யா. மேற்படின்னா மாடிப்படிங்களா?"

நோட்டீஸ் தள்ளுபடி. அடுத்த மாசம் லேசான தமிழ்ல இன்னொண்ணு.

"உனக்கு இங்க வேலை இல்ல."

"அதான் தெரியுதுங்களே. சும்மாதானே உக்காந்திருக்கேன்."

"அப்ப புரிஞ்சுதுன்னு சொல்லு!"

"வேலையே இல்லாதவனை எப்படிங்கய்யா வேலையை விட்டு நிறுத்துவீங்க? அதான் புரியல."

பாக்கியசாமிக்கும் புரியல. ஆனா முப்பது வருஷ சர்வீஸ்ல 'புரியல'ங்கிற வார்த்தையை அவரு சொன்னதே கிடையாது.

டைப்பிஸ்ட் ஆர்தர் சுப்பையாகிட்ட தனியா கெஞ்சினான். "அண்ணே, ஒரு தடவ சொல்லித் தொலைங்களேன்!"

"அஞ்சு பிள்ளைங்க தம்பி. எனக்குப் புரிஞ்சிட்டா அதுங்க பட்டினி."

மூணாவது மாசம் துரை சட்டப் புஸ்தகத்தைத் தானே எடுத்துப் படிச்சாரு. மறுநாள் மத்தியானம் கிராணிங்க பன்னெண்டு பேரையும் தன் ரூம்ல வரிசையா நிக்க வெச்சாரு. இங்கிலீஷ்ல ஒரு காயிதத்தைக் கடகடன்னு வாசிச்சாரு. காத்தாடி இரைச்சல்ல ஒண்ணுமே காதுல விழல. கடைசி வார்த்தை மட்டும் விழுந்துச்சு.

"அண்டர்ஸ்டாண்ட்?"

"யெஸ் சார்!"ன்னாரு பாக்கியசாமி. பின்னாலேயே நாங்க பதினொரு பேரும், ஒரே குரல்ல.

துரை சந்தோஷமா கையெழுத்துப் போட்டாரு. அப்புறம்தான் ஆர்தர் எட்டிப் பார்த்தான். பன்னெண்டு பேருக்கும் ஒரு மாச நோட்டீஸ். சட்டப்படி எல்லாம் சரி.

வெளிய காத்தாடிக்குக் கீழ சுப்பையா காலை நீட்டி உக்காந்திருந்தான்.

"என்னங்கய்யா, மூஞ்சி தொங்கிப் போச்சு? துரை என்ன வாசிச்சாரு?"

பாக்கியசாமி கண்ணாடியைக் கழட்டினாரு. "ஒண்ணும் புரியல சுப்பையா."

"அடடா! அதை உள்ள சொல்லியிருக்கப்படாதாங்கய்யா?"