ஐந்தாவது தட்டில் இல்லாத கூச்சல்

முதலில் கிதார் அடங்கும். பித்தளைத் தாளத்தின் சிலிர்ப்பு மெல்லத் தேயும். பிறகு நான்கு நொடி, நாலாயிரம் பேர் மூச்சு வாங்கும் மௌனம். அதைக் கிழித்துக்கொண்டு ஓர் ஆண்குரல்: "ஊஊ... ஹூயீ! விடாத ராசா!" கடைசியில் குரல் உடைந்து, மீசை முளைக்காதவனுடையதுபோல் கீச்சிடும்.

அமெரிக்காவின் 'கெயோலின் ரோடு' ராக் குழு 1974-இல் மேக்கன் நகரில் நடத்திய கச்சேரியின் ரெக்கார்டில், இரண்டாம் பக்கத்தில், அந்தக் கூச்சல் இருக்கிறது. அது தன்னுடையது என்று ராய்ஸ் ஹாம்ப்ரிக் ஜார்ஜியா முழுக்கச் சொல்லிவந்தார். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷம். கூச்சலுக்கு அதைவிட ஒரு வயது கூட.

சனிக்கிழமை தோறும் அவர் வீட்டுக் கொல்லையில் பன்றியின் தோள்கறி புகையில் வேகும். வேக எட்டு மணி நேரமாகும். வந்தவர்கள் அவித்த வேர்க்கடலையை உரித்தபடி காத்திருப்பார்கள். மூன்று மணி வாக்கில் ராய்ஸ் ரெக்கார்டைத் திருப்பிப் போட்டு, விரலை உயர்த்துவார்.

"இப்ப... இப்ப... கேட்டீங்களா? நான்தான்!"

இந்த மண நாளுக்கு மகள் ஒரு பெட்டி அனுப்பினாள். அந்தத் தெற்கத்தி ராக் குழுவின் எல்லாமும் ஒரே பெட்டியில்: ஸ்டுடியோவில் பாடியது மூன்று தட்டு, மேடையில் பாடியது நான்கு தட்டு, கூடவே ஞானப்பாட்டுப் புத்தகத்தின் தடிமனில் ஒரு விவரப் புத்தகம். மனைவி லவோன் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். ராய்ஸ் அவசரமாகத் தன் கூச்சலைத் தேடினார். பெயர் போட்டிருக்க மாட்டார்கள். 'யாரோ ஒரு ரசிகர்' என்றாவது இருக்காதா?

இருந்தது. முப்பத்தொன்றாம் பக்கம். மேக்கனில் அந்தப் பாட்டின் நடுவில் கிதார் நரம்பு அறுந்துவிட்டதாம். அதனால் பழைய ரெக்கார்டில் அந்த ஒரு பாட்டை மட்டும், ரசிகரின் கூச்சலோடு சேர்த்து, அலபாமாவில் பர்மிங்ஹாம் கச்சேரியிலிருந்து எடுத்து ஒட்டினார்களாம். மேக்கன் கச்சேரி அப்படியே, வெட்டாமல், ஐந்தாவது தட்டில்.

ராய்ஸ் ஐந்தாவது தட்டைப் போட்டார். டங் என்று நரம்பு அறுந்தது. யாரோ இருமினார். அவ்வளவுதான். அந்த இருமலாவது தன்னுடையதாக இருக்குமோ என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார். இல்லை.

அவர் அன்று மேக்கனில் இருந்தது உண்மை. கத்தியதும் உண்மை. எல்லாரும்தான் கத்தினார்கள். பர்மிங்ஹாமுக்கு மட்டும் அவர் வாழ்நாளில் போனதில்லை. அந்தக் குரலும் போய்விட்டால் அவரிடம் மிச்சம் என்ன? காகித ஆலையில் முப்பத்தொன்பது வருஷம், ஒரு மீன்பிடிப் படகு, ஒரு முழங்கால் வலி.

புத்தகத்தையும் ஐந்தாவது தட்டையும் எடுத்துப்போய்ப் படகில் ஒளித்தார். லவோன் தூண்டில் புழு வாடைக்குப் பயந்து அந்தப் பக்கமே போவதில்லை.

ஆனால் எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டாள்.

"ராய்ஸ், பெட்டி மேல ஏழுன்னு போட்டிருக்கான். உள்ள ஆறுதான் இருக்கு."

"அச்சுப் பிழையா இருக்கும்."

"நாலுக்கப்புறம் ஆறு வருதே. அஞ்சு எங்க?"

"அஞ்சு அவங்களுக்கு ராசியில்லாத நம்பரோ என்னமோ, கண்ணு."

"புத்தகமும் உண்டுன்னு போட்டிருக்கே?"

"தபால்காரன் படிச்சிட்டுத் தருவான்."

"நம்ம தபால்காரன் விலாசத்தையே படிக்க மாட்டான். புத்தகமா படிப்பான்?"

ராய்ஸ் சிரித்தார். லவோனும் சிரித்தாள். விஷயம் முடிந்தது என்று அவர் நினைத்தார்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு டூயி லாட் ஒரு தட்டையும் புத்தகத்தையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"மிஸ்டர் ராய்ஸ், உங்களுக்கு அஞ்சாவது வரலியாமே! மிஸ் லவோன் போன் பண்ணிச் சொன்னாங்க. நானும் அந்தப் பெட்டி வாங்கியிருக்கேன். வெட்டாத கச்சேரில உங்க குரல் இன்னும் கணீர்னு இருக்கும்ல?"

"மழை வரும்போல இருக்கு டூயி. தட்டு நனைஞ்சிடப் போகுது."

வானத்தில் பஞ்சளவு மேகமில்லை. டூயி தட்டைப் போட்டான். ஆறு விருந்தாளிகள் கடலை உரிப்பதை நிறுத்தினார்கள். நரம்பு அறுந்தது. இருமல். மௌனம்.

டூயி புத்தகத்தைப் புரட்டினான். "என்னங்க இது, பர்மிங்ஹாம்னு போட்டிருக்கு?"

ராய்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பர்மிங்ஹாம்! அட, ஆமா! ரெண்டு ஊருக்கும்தானே போனேன். வயசாச்சா, ஊர் மாறிப்போச்சு."

எல்லாரும் கைதட்டினார்கள். ராய்ஸ் தெம்பாக ஒரு கடலையை உரித்தார். லவோன் இனிப்புத் தேநீர்க் கூஜாவோடு வந்து நின்றாள்.

"பர்மிங்ஹாம்ல எங்க உக்காந்திருந்த ராய்ஸ்?"

"முன்னாடிதான். ரெண்டாவது வரிசை."

"ஓரமா?"

"நட்ட நடுவுல."

"பக்கத்துல யாரு?"

"யாரோ ஒரு பொண்ணு. மூஞ்சிகூட ஞாபகமில்ல."

"அது நான்தான்" என்றாள் லவோன்.

டூயி புத்தகத்தை மூடினான்.

"என் வலப்பக்கம் ஒரு தூணு. இடப்பக்கம் கேலன் பீசன். அப்ப அவன்கூடத்தான் பழகிட்டிருந்தேன். கத்தினது அவன். என் காதுக்குள்ளயே கத்தினான்."

ராய்ஸ் கடலையைக் கீழே வைத்தார். "இத்தன வருஷமா... ஏன் சொல்லல?"

"எங்கம்மா வீட்டு ஹால்ல மொதமொதல்ல அதப் போட்டுக் காட்டினியே, அன்னிக்கு உன் மூஞ்சில அப்படி ஒரு வெளிச்சம். அணைக்க மனசு வரல. இது எவ்வளவு தூரம் ஓடும்னு பாக்கவும் ஆசையா இருந்துச்சு." அவர் குவளையை நிறைத்தாள். "அப்புறம் வாராவாரம் கேலன் குரல நீயேதான் போட்டுக் காட்டின. நானா கேட்டேன்?"

டூயி வேர்க்கடலைத் தோலை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினான்.

"படகுல புழு டப்பாவுக்கு அடியில புத்தகம் நனைஞ்சு கெடந்துச்சு" என்று போகிறபோக்கில் சொன்னாள். "செவ்வாக்கிழமையே எடுத்துக் காயப்போட்டுட்டேன்."

அடுத்த சனிக்கிழமை ராய்ஸ் ரெக்கார்டின் பக்கமே போகவில்லை. மூன்று மணிக்கு லவோன் இடுப்பில் கட்டியிருந்த சமையல் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டாம் பக்கத்தைத் தானே திருப்பிப் போட்டாள். யாரும் விரலை உயர்த்தவில்லை.

கேலன் பீசன் டோத்தன் ஊரில் புல்வெட்டும் இயந்திரக் கடை வைத்திருந்தான். 1991 மார்ச்சில் இறந்துபோனான்.