ரூடிக்கு நான் போட்ட மாலை

யோகராசா அண்ணை ஒரு பொய்யர். "பொய்யன்" என்றுதான் முதலில் எழுதினேன். மூத்த மனிதர், மரியாதையாக எழுதுங்கோ என்று மனைவி சொன்னதால் கடைசி எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன். கருத்தை மாற்றவில்லை.

எண்பதுகளின் நடுவில் சுவிஸின் துன் நகரத்து ஹோட்டல் ஒன்றின் குசினியில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. டொச் என்கிற ஜெர்மன் மொழியும் வரவில்லை. யோகராசா அண்ணை எனக்கு முன்னமே வந்தவர். டொச் கதைப்பார். (அதாவது அவர் கதைப்பது டொச் என்று நாங்கள் நம்பினோம்.) வைத்தியரிடம் போனாலும், பெர்மிட் அலுவலகத்துக்குப் போனாலும் அவர்தான் எங்களுக்கு வாய். சொந்த வாயை இன்னொருவர் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த நேரம் எனக்கு ஒரு கலியாணப் பேச்சு நடந்தது. பெண் வசந்தி. பேர்னில், பூம்ப்ளிஸ் பக்கம், அண்ணன் செல்வநாதன் குடும்பத்தோடு இருந்தாள். ஒரு பிறந்தநாள் வீட்டில் ரோல்ஸ் தட்டோடு என்னைக் கடந்து போனாள். அவ்வளவுதான் பழக்கம். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று கோப்பை கழுவிக்கொண்டே முடிவெடுத்துவிட்டேன். அவளுக்கு அது தெரியாது. கோப்பைகளுக்குத் தெரியும்.

செல்வநாதன் கண்டிப்பான ஆள். "பெடியனைப் பற்றி விசாரிக்கவேணும்" என்றார். ஊர் என்றால் நாலு வீட்டில் விசாரிக்கலாம். துன்னில் விசாரிப்பதற்கு யோகராசா அண்ணையை விட்டால் ஆள் இல்லை.

ஒரு நாள் அண்ணை குசினியின் பின்கதவில் வந்து நின்றார்.

"தம்பி தேவன், வாற ஞாயிறு பின்னேரம் ஒரு கூட்டம் இருக்கு. தமிழர் சார்பிலை நீர்தான் ஏறவேணும்."

"எங்கை ஏற?"

"மேடையிலை. பழைய படங்கள் காட்டுற கழகம் ஒண்டு இருக்கு. அதை நடத்துற அம்மா, ஃப்ராவ் ரோலி, என்னட்டை ஆள் கேட்டவ. ஊமைப்படக் காலத்துச் சிரிப்பு நடிகர் ஒருத்தருக்கு விழா. ரூடி எண்டு பேர். இந்த ஊர் ஆள்."

"செத்துப்போனாரோ?"

அண்ணை என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். பஸ் தரிப்புச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். சுற்றிவரத் தடித்த கறுப்புக் கரை. கீழே பிறந்த வருஷம்.

"பாருமன்" என்றார்.

பார்த்தேன். எங்கள் ஊரில் சுவரில் இப்படி ஒரு படம் ஒட்டியிருந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான். நின்று, பெயரைப் பார்த்து, "அட பாவமே" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான். நானும் "அட பாவமே" என்று சொன்னேன். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் ஒன்றுமே சொல்லவில்லை.

அஞ்சலி என்றால் எனக்குத் தெரியும். படத்துக்கு மாலை, ஒரு விளக்கு, ஒரு நிமிட மௌனம். சாப்பாட்டு மேசைகளில் வாடத் தொடங்கிய பூக்களைச் சேர்த்து, இறைச்சி கட்டுகிற நூலில் கோத்து மாலை கட்டினேன். விளக்குக்குப் பதிலாக ஒரு மெழுகுதிரி எடுத்துக்கொண்டேன். என்னிடம் கோட்டு இல்லை. ஹோட்டலில் மிக உயரமான வெயிட்டர் தன்னுடைய கறுப்புக் கோட்டைத் தந்தான். அது எனக்கு முழங்கால் வரைக்கும் வந்தது. கைகள் உள்ளே எங்கேயோ இருந்தன. துக்கத்துக்குக் கறுப்புத்தானே முக்கியம், அளவு என்னத்துக்கு என்று போட்டுக்கொண்டேன். டொச்சில் ஒரு வசனமும் பாடமாக்கினேன். "தயவுசெய்து எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நில்லுங்கள்."

ஞாயிறு மத்தியானம் வேலை முடிந்து, இரவு வேலை தொடங்குவதற்குள் மண்டபத்துக்கு ஓடினேன். உள்ளே இருட்டு. படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு மெலிந்த மனிதன், முழங்கால் வரைக்கும் கோட்டு, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை. மரியாதையாக ஒரு கதிரையில் இருக்கப் போகிறான், கதிரை இல்லை, விழுகிறான். எழும்புகிறான். தொப்பியைத் தட்டுகிறான். மறுபடி விழுகிறான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஒரு செத்த வீட்டில் இப்படியும் சிரிப்பார்களா என்று எனக்குக் கோபம் வந்தது. (வெள்ளைக்காரனுக்குச் சாவும் ஒன்றுதான், சறுக்கி விழுவதும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.)

படம் முடிந்து விளக்கு எரிந்தது. முன்வரிசையில் யோகராசா அண்ணை இருந்தார். பக்கத்தில் ஒரு தொண்டு கிழவர். அண்ணைக்கு அவர் இனிப்பு எடுத்துக் கொடுக்க, அண்ணை வாங்கி வாயில் போட்டார். கடைசி வரிசையைப் பார்த்தேன். செல்வநாதன்! கால்மேல் கால் போட்டு இருந்தார். "வந்து பாருங்கோ, வெள்ளைக்காரச் சபையிலை டொச்சிலை பேசுற மாப்பிளை" என்று அண்ணை அவரைக் கூப்பிட்டிருந்தார். எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஃப்ராவ் ரோலி என் பெயரைக் கூப்பிட்டார். நான் மேடையில் ஏறியதுமே சபை கைதட்டியது. கோட்டைப் பார்த்துத்தான் தட்டியது என்பது எனக்கு எப்படித் தெரியும்? மேடையில் வைத்திருந்த ரூடியின் படத்துக்கு மாலை போட்டேன். சிரித்தார்கள். மெழுகுதிரி கொளுத்தினேன். இன்னும் சிரித்தார்கள். செல்வநாதன் பார்க்கிறார், வசந்தி கைநழுவுகிறாள் என்று முகத்தை மிகக் கடுமையாக வைத்துக்கொண்டு என்னுடைய வசனத்தைச் சொன்னேன். சபை முழுவதும் எழும்பியது, சிரித்துக்கொண்டே. ஊமைப்பட விழாவில் ஒரு நிமிடம் மௌனம் கேட்கிறான், அதுவும் இந்தக் கோட்டோடு, இந்த முகத்தோடு! நான் முறைக்க முறைக்கச் சிரிப்புக் கூடியது.

ஒரு ஆள் மட்டும் எழும்பவில்லை. முன்வரிசைக் கிழவர்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. இறங்கிப் போய் அவருக்கு முன்னால் நின்றேன். எனக்குத் தெரிந்த டொச் முழுவதையும் திரட்டி, படத்தைக் காட்டி, "எழும்புங்கள். இந்த மனிதர் இறந்துவிட்டார்" என்றேன்.

கிழவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, சரி, நீ சொன்னால் சரி என்பதுபோலத் தலையை ஆட்டி, கைத்தடியை ஊன்றி எழும்பினார். என் கையைப் பிடித்து மேடை ஏறி, என் பக்கத்தில் நின்று, என்னைப் போலவே கைகூப்பி, என்னைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தால் அவரும் திரும்பிப் பார்த்தார். நான் முறைத்தால் அவரும் முறைத்தார். சபையில் சிலர் கதிரைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அது துக்கத்தில் வந்த அழுகை என்று நான் கொஞ்சம் ஆறுதல்பட்டேன்.

ஃப்ராவ் ரோலி என் காதில் இங்கிலீசில் சொன்னார். "இவர்தான் அவர்."

"எவர்?"

"ரூடி."

"மகனோ?"

"இல்லை. ரூடியேதான்."

மாலையைப் பார்த்தேன். கிழவரைப் பார்த்தேன். மூக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஃப்ராவ் ரோலி ஆறுதலாக விளங்கப்படுத்தினார். சர்க்கஸில் தொடங்கியவராம். பாரிசிலும் பெர்லினிலும் சின்னச் சின்னச் சிரிப்புப் படங்கள் ஏராளம். விழுவதுதான் தொழில், விழுந்தே வீடு கட்டினாராம். படம் பேசத் தொடங்கியதும் பெர்லினில் இவருடைய மலைநாட்டுப் பேச்சு ஒருவருக்கும் விளங்கவில்லை. வேலை போய்விட்டது. ஊருக்குத் திரும்பி வந்து ஏரிக் கப்பலில் டிக்கெட் கிழித்தாராம். மொழி தெரியாமல் வேலை கெட்ட ஆள் என்றதும் எனக்கு அவரில் ஒரு பாசம் வந்தது. ஆனால் கிழவர் என்னிடம் ஏதோ சொல்ல, பெர்லின்காரனைப் போல நானும் விழித்தேன். "சிரிக்காமல் நிற்கத் தெரிந்த ஆள் கிடைப்பது அருமை. எந்தப் படத்தில் நடித்தாய் என்று கேட்கிறார்" என்றார் ஃப்ராவ் ரோலி.

"குசினியில்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

வாசலில் செல்வநாதன் நின்றார்.

"தம்பி, நீர் என்ன வேலை எண்டு சொன்னனீர்?"

"கோப்பை கழுவுறன் அண்ணை."

"அப்ப இதென்ன?"

"எனக்கும் தெரியேல்லை அண்ணை."

"உயிரோடை இருக்கிற மனுசனுக்கு மாலை போட்டு, அவரையே எழும்பவும் சொல்லுறீர். கோமாளிக்கு நான் என்ரை தங்கச்சியைக் குடுக்கேலாது." போய்விட்டார்.

அவர் ஏறிய ரயிலோடு என் வாழ்க்கையும் பேர்னுக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். அடுத்த நாள் மத்தியானம் குசினித் தொலைபேசி அடித்தது. எனக்கு என்றார்கள்.

"நான் வசந்தி. அண்ணன் சொல்லுறது உண்மையோ? அந்த ஆளுக்கே மாலை போட்டனீங்களோ?"

"படத்துக்குத்தான் போட்டனான்."

"அந்த ஆளையே எழும்பச் சொன்னனீங்களோ?"

"ஓம்."

"செத்துப்போனார் எண்டு அவருக்கே சொன்னனீங்களோ?"

"ஓம்."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். மூச்சு வாங்கிச் சொன்னாள்: "என்னைப் பார்க்க வந்த எல்லாரும் தங்களைப் பற்றிப் பெரிசாத்தான் சொன்னவை. நீங்கள் ஒருத்தர்தான் கேக்கக் கேக்க ஓம் எண்டு சொல்லுறீங்கள். அண்ணனோடை நான் கதைக்கிறன்."

கதைத்தாள். கட்டினோம். அன்றுமுதல் என் வீட்டில் எனக்கு மரியாதை இல்லை. நான் கோபத்தில் கத்தினால் வசந்தியும் பிள்ளைகளும் ஒன்றும் பேசமாட்டார்கள். மூன்று பேரும் வரிசையாக எழுந்து, கைகூப்பி, ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். அதோடு கோபம் போய்விடும். சாப்பாடு போடுவார்கள்.

அது போகட்டும். ஆனால் யோகராசா அண்ணை இத்தனை வருஷமாகப் போகிற விழாவிலெல்லாம், "தேவன்ரை கலியாணம் நான் திட்டம் போட்டுச் செய்து வைச்சது" என்று சொல்லித் திரிகிறார். இன்டர்லாக்கனில் சொன்னார். போன கிழமை என் சம்பந்தியிடமும் சொல்லியிருக்கிறார்.

அண்ணை, அடுத்த மாதம் என் மகளின் கலியாணம். வாழ்த்திப் பேச உங்களைக் கூப்பிடுவேன், மைக்கும் தருவேன். வாழ்த்து எனக்கு வேண்டாம். அன்று பக்கத்தில் இருந்து இனிப்புத் தந்த கிழவர் யார் என்று நினைத்து வாங்கிச் சாப்பிட்டீர்கள்? தெரிந்துதான் என்னை ஏற்றினீர்களா, தெரியாமல் ஏற்றினீர்களா? செல்வநாதன் முன்வரிசையில் இருப்பார். சனத்துக்கு முன்னால் பதில் சொல்லுங்கோ.