மலைத் தண்ணீரைப் பிளந்த சுவர்

ஆக்லாந்து நகரத்தில் பனிச்சரிவுக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தார். இந்த ஊரில் பனியே பெய்யாது. அதைச் சொன்னால், "இதுவரைக்கும் பெய்யேல்லை" என்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் ஒருவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரர். சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக் கிராமத்து விடுதியின் சமையல்கட்டில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். ஈழத்து நண்பர்கள் 'பனிச்சரிவு அண்ணை' என்றார்கள். தமிழ்நாட்டுக்காரர்களான நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். நேரில் மட்டும் வெறும் அண்ணா.

நானும் என் கணவர் செந்திலும் வீடு வாங்கிக் குடிவந்த அன்று, கையில் ஒரு ரொட்டியோடு வந்து நின்றார். வளையம் மாதிரி நடுவில் ஓட்டை.

"ரை எண்ட தானியத்தின்ர மாவு, பெருஞ்சீரகம் போட்டது. அந்த ஊரில இதைத் தடியில கோத்துத் தொங்க விடுறவை. மாசக்கணக்காக் கெடாது பிள்ளை."

கெடவில்லைதான். உடையவும் இல்லை. செந்தில் அதைச் சாம்பாரில் இரண்டு நாள் ஊறவைத்துப் பார்த்தார். சாம்பார் கெட்டுப்போனது.

அவருடைய கராஜில் கார் கிடையாது. குறுக்கே கட்டிய துடைப்பக் கழிகளில் வளைய வளையமாக ரொட்டிகள்தான் தொங்கின.

"பனி விழுந்து பாதை மூடினா என்ன சாப்பிடுவீங்கள்?" என்று என்னைக் கேட்டார்.

"பக்கத்துலயே சூப்பர் மார்க்கெட் இருக்கே அண்ணா."

"அதுக்குப் போற பாதை மூடினா?"

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. மறுநாளே இருபது கிலோ அரிசி வாங்கி வைத்தேன்.

அந்தக் கிராமத்தில் சுவரும் கல், கூரையும் கல்லாம். ஓடு கிடையாது, கல் பலகைகளை அடுக்கிவிடுவார்களாம். வாடகை வீட்டுக் கூரையில் அவரால் கைவைக்க முடியவில்லை, அதனால் தபால் பெட்டிக்குக் கல் கூரை போட்டார். தபால்காரர் இரண்டு நாள் அதை உற்றுப் பார்த்தார். மூன்றாம் நாளிலிருந்து அண்ணாவின் கடிதங்களை எங்கள் பெட்டியில் போட ஆரம்பித்தார்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் சுவர் ஆரம்பமானது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால், ஒரு பழைய எரிமலைக் குன்றின் புல்மேடு சரிவாக இறங்கும். அண்ணா தன் வீட்டுப் பின்பக்கம், கூர்முனை மேட்டைப் பார்க்கும்படி, கப்பலின் முன்பக்கம் போல ஒரு சுவர் எழுப்பத் தொடங்கினார். மலையிலிருந்து ஒரு கூழாங்கல்கூட எடுக்கவில்லை. "அது இந்த நாட்டு ஆதிக்குடி மாவோரிச் சனத்தின்ர மலை, தொடப்படாது" என்றார். வீடு கட்டத் தோண்டுகிறவர்கள் 'இலவசம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று போடும் விளம்பரங்களைத் தேடித் தேடி, கறுப்பு எரிமலைக் கற்களை வாடகை டிரெய்லரில் கொண்டு வந்தார். சிமெண்ட் கிடையாது. கல்லுக்குக் கல் முட்டு.

"எதுக்கு அண்ணா இது?"

"அந்த ஊர்ச் சேர்ச்சுக்குப் பின்னால இப்பிடித்தான் ஒண்டு நிக்குது. பனி சரிஞ்சு வந்தா இதில மோதி ரெண்டாப் பிரிஞ்சு போயிடும்."

"இங்க பனியே இல்லையே!"

"பனி இல்லாட்டித் தண்ணி. மலை எண்டா ஏதோ ஒண்டு வரும் பிள்ளை."

அன்று முதல் எனக்குத் தூக்கம் போனது. கல் உருண்டு எங்கள் சமையலறைக்குள் வந்துவிடுமோ என்று பயம். காலையில் சுவர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். "அவர் சுவருக்காக நீ ஏன் உன் பல்லக் காக்க வைக்கிற?" என்பார் செந்தில்.

ஒரு சனிக்கிழமை மதியம் மழை பிடித்தது. பிடித்தது விடவில்லை. மேட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் திரண்டு இறங்குவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். சுவரில் ஒரு கல்கூட அசையவில்லை. அண்ணா சொன்னது சொன்னபடி, தண்ணீர் கூர்முனையில் மோதி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி அந்தப் பக்கமாகத் தெருவுக்கு ஓடியது. மறு பாதி எங்கள் வேலியைச் சாய்த்துக்கொண்டு, சமையலறைக் கதவு வழியாக ஹாலுக்குள் வந்தது.

வாங்கி நான்கே மாதமான வீடு. கார்பெட் மிதந்தது. அப்படியே அண்ணா வீட்டுக்கு ஓடினோம். அங்கே தரை காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் வெறியே வந்துவிட்டது.

"உங்க வீட்டக் காப்பாத்திக்கிட்டு எங்க வீட்டுக்குத் திருப்பி விட்டுட்டீங்களே! நல்லா இருப்பீங்களா?"

அடுப்பில் மக்காச்சோள மாவுக் களி கொதித்துக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கை எடுக்காமல் கிண்ட வேண்டிய மலைநாட்டுச் சாப்பாடு. அண்ணா கிண்டிக்கொண்டே ஜன்னல் வழியாக எங்கள் வீட்டைப் பார்த்தார்.

"அந்தச் சேர்ச்சுக்கு ரெண்டு பக்கமும் வீடில்லை பிள்ளை" என்றார் கடைசியில். "வெறும் புல்லு. பன்னிரண்டு வரியமா அந்தச் சுவரைத்தான் பார்த்தன். பக்கத்தைப் பார்க்கேல்லை."

கரண்டியைச் செந்தில் கையில் திணித்தார். "நிப்பாட்டாதேங்கோ, கட்டி பட்டிடும்." ஒரு வாளியோடு மழையில் இறங்கி எங்கள் வீட்டுக்குள் போய்விட்டார். இருட்டும்வரை தண்ணீர் இறைத்தார். பாவம், செந்தில் அதுவரை கிண்டினார். நான் சுடச்சுடக் களியும் உருகிய சீஸுமாக இரண்டு தட்டு சாப்பிட்டேன், கோபம் துளியும் குறையாமல்.

அடுத்த சனிக்கிழமை காலை கல் சத்தம் கேட்டு ஓடினேன். சுவரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, இப்ப எதுக்குப் பிரிக்கிறீங்க? மறுபடி மழை வந்தா?"

"வரமுந்திக் கட்டி முடிக்க வேணும். நீங்கள் சின்னக் கல்லாப் பார்த்துத் தாங்கோ."

இரண்டு மாதம் ஆனது. ஒவ்வொரு மேகத்துக்கும் நான் செத்துப் பிழைத்தேன். இந்த முறை கூர்முனை இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றது. சுவரின் இரு கைகளும் விரிந்து, தெருச் சாக்கடை வரை இறங்கின. அடுத்த பெருமழையில் மணல் மூட்டைகளை அடுக்கிவைத்துக்கொண்டு சமையலறையில் காத்திருந்தேன். ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை.

போன வருடம் அந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் அதை விற்றுவிட, அண்ணா நகரத்தின் தெற்கே மனுரேவாவுக்குப் போய்விட்டார். போன பிறகுதான் கவனித்தேன், எங்கள் வீட்டுப் பக்கச் சுவர் அவர் பக்கத்தைவிட இரண்டு வரிசை உயரம். போனில் கேட்டேன்.

"உங்கட பக்கம் நிலம் பள்ளம் பிள்ளை."

மட்டப்பலகை வைத்து அளந்து பார்த்தோம். ஒரு விரல்கூடப் பள்ளமில்லை. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு இப்போது இடுப்பு வலி, கல் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மனுரேவா வீட்டுக்குப் பின்னாலும் ஒரு சின்ன மேடு இருக்கிறது.

தூறல் விழுந்தாலே இப்போது அவருக்குப் போன் போடுகிறேன்.

"அண்ணா, அங்க தண்ணி வந்துச்சா?"